உள்ளே மஞ்சள் நூல்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். அறுபதைத் தொடப்போகிறவளை இன்னும் வாலு என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். அதனால் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னாரே டாக்டர், யோசித்தாயா? போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் கத்திய கத்தலில் எங்கள் தெருவுக்கே உன் முழங்கால் வலி தெரிந்துவிட்டது. உனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே பழையபடி கடிதம்.

இங்கே பெரிய செய்தி. மார்ச் முதல் தேதியிலிருந்து எல்லைக் கேட்டில் லாரி மாற்றுவது நிற்கப்போகிறது. நீ இங்கே வந்ததே இல்லை, அதனால் சொல்கிறேன். இதுவரை அந்தப் பக்கத்து லாரி எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். சரக்கை இறக்கி, கேட்டையொட்டிய மைதானத்தில் நம் பக்கத்து லாரியில் ஏற்றுவார்கள். ஊர் பிழைப்பதே இந்த இறக்கி ஏற்றலில்தான். முந்நூறு கூலியாட்கள், அவர்களுக்கு மேஸ்திரியாக என் வீட்டுக்காரர், எடை போடுகிறவர்கள், டீக்கடைகள். இறக்கும்போது சாக்கு கிழியும். கிழிந்ததைத் தைக்க என் தையல் கூடமும் பத்துப் பெண்களும். இனி லாரிக்குச் சீல் வைத்து நேராகவே அனுப்பலாம் என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டன.

"இனிமே கேட்டு பக்கத்துல நாற்காலி போட்டு லாரிய எண்ணிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்" என்கிறார் உன் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஒன்று நினைத்திருக்கிறேன். சாக்கு கிழியாவிட்டாலும் லாரியின் தார்ப்பாய் கிழியத்தானே செய்யும்? அவ்வளவு தூரம் காற்றில் அடிபட்டு வருகிறது. கனத்த துணி தைக்கும் மெஷின் ஒன்று பழையதாகக் கிடைத்திருக்கிறது. இது நடக்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டுப் பத்துப் பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தார்ப்பாய்க்கு ஒட்டு எப்படிப் போடுவது? உனக்குத் தெரியாத தையலா?

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
வாலு

பிப்ரவரி 17

அன்புள்ள வாலு,

முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது. காது மெஷின் பற்றி இனி எழுதாதே. காதில் எதையோ மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்று சொல்ல நான் நடக்கப்போவதில்லை.

தார்ப்பாயும் துணிதான். கிழிசலைவிட நான்கு விரல் பெரிதாக ஒட்டை வெட்டு. மூலைகளை வட்டமாக்கு, இல்லாவிட்டால் காற்று மூலையில் பிடித்துப் பிய்க்கும். ஓரத்தை உள்ளே மடித்து மெஷினில் ஓட்டு. அதன்மேல் கோணி ஊசியால் கையால் மறைதையல் போட்டு மூடு. நூல் தார்ப்பாயின் நிறத்திலேயே இருக்க வேண்டும், உள்ளும் புறமும். தைத்த இடம் கண்ணுக்குத் தெரியவே கூடாது. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கைப் பார்த்தவள் சொல்கிறேன். என் விரிப்புகளில் படுத்த ஒரு நோயாளிக்கும் ஒட்டு உறுத்தியது கிடையாது. தைத்தது தெரிந்தால் அது தையல் இல்லை, தழும்பு.

கான்வென்டில் உன் தையலை மதர் உயரப் பிடித்து, "இது தையலா, கோழி கிளறின மண்ணா?" என்று கேட்டது நினைவிருக்கும். அதை இந்த வயதிலாவது பொய்யாக்கு.

இத்துடன் தார்ப்பாய்த் துண்டு ஒன்று அனுப்புகிறேன். அதில் ஓர் ஒட்டு இருக்கிறது. முடிந்தால் கண்டுபிடி. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது. கை விரல்கள்தான் ஊசி பிடித்து வீங்கியிருக்கின்றன. சந்தோஷமான வீக்கம்.

முதல் வாரம் பயங்கரமாக இருந்தது. சீல் வைத்த லாரிகள் நிற்காமல் போயின. கூலியாட்கள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்து டீக்கடை மூடிவிட்டது. நாற்பது பேர் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கத்து டிரைவர் ஒருவர் வந்தார். மீசைதான் முகம், முகம் கொஞ்சம்தான். தார்ப்பாயில் ஒரு கை நீளக் கிழிசல். நீ சொன்னபடியே தைத்தோம். கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்கம்மா தைச்சீங்க?"

"நீங்களே தேடிப் பாருங்கண்ணே."

"என்னம்மா, மந்திரமா? நான் கிழிஞ்ச லாரிய விட்டுட்டு வேற லாரிய ஓட்டிட்டு வந்துட்டேன் போலிருக்கு!"

அவ்வளவுதான். மீசை அண்ணன் சொல்லிச் சொல்லி ஒரு நாளைக்கு நான்கு ஐந்து லாரிகள். பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். தார்ப்பாயை இறக்கி விரிக்க மாப்பிள்ளையின் ஆட்கள் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டேன். உன் துண்டில் ஒட்டு எங்கே என்று கூடத்தில் ஒருத்தியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெண்கள் அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உன் தையல் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது அக்கா. நீதான் வீட்டைத் தாண்டமாட்டேன் என்கிறாய்.

முத்தங்களுடன்,
வாலு

ஏப்ரல் 2

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் அவர் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். தற்பெருமைக்காக அல்ல. அவர்களுக்குப் பொழுது போகவில்லை.

ஒன்றிரண்டு கேள்விகள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் போடுகிறீர்கள்? எட்டுக்குக் குறைந்தால் எனக்குப் பிடிக்காது. நூலுக்கு மெழுகு தடவுகிறீர்களா? உன் பெண்கள் போட்ட ஒட்டு ஒன்றை வெட்டி அனுப்பு, நான் பார்க்க வேண்டும். பாராட்டைப் பிறகு சொல்கிறேன்.

விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவரும் நலம். வெயில் ஏறிவிட்டது. கொல்லைக் கதவின் கீல் உடைந்து புதிதாகப் போட்டோம். பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று முழுக் கறுப்பு.

நான் தினமும் காலையில் நடந்து வருகிறேன். உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

உன் கடிதங்களும் நீ அனுப்பிய துண்டும் பத்திரமாக இருக்கின்றன, கவலைப்படாதே. நீ கேட்ட ஒட்டைப் பிறகு அனுப்புகிறேன்.

வாலு

மே 11

அன்புள்ள வாலு,

பூனைக்கு என் வாழ்த்துகள்.

ஒரு மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் பென்சிலில். கூடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண்களைப் பற்றி இல்லை. மீசைக்காரரைப் பற்றி இல்லை. என் கடிதங்கள் பத்திரமா என்று நான் கேட்கவே இல்லை. கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை. வீட்டு வாசலில் பேருந்து ஏறிப் பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் நீ. இப்போது உடம்புக்காக நடக்கிறாயாம்.

எனக்குப் புரிகிறது. அலுத்துவிட்டது, விட்டுவிட்டாய். எட்டாம் வகுப்பில் தையல் பரீட்சைத் துணியைப் பாதியில் போட்டுவிட்டுப் பியானோவுக்குப் பின்னால் ஒளித்தாயே, அதே கதை. மூடிவிட்டால் மூடிவிட்டேன் என்று எழுது. எனக்கு வருத்தம் கூடத்துக்காக இல்லை, பாதியில் விடும் உன் புத்திக்காக.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். இருவரும் சுகமாக இருக்க வேண்டும். என் தங்கைக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டால் மறுநாளே நான்கு பக்கம் திட்டி எழுதுவாள். பேசாமல் இருப்பது அவள் சுபாவம் இல்லை. அவளுக்கு என்ன? எதுவானாலும் நேராக எழுதுங்கள். என் காதுதான் போயிருக்கிறது, நெஞ்சு அல்ல.

உங்கள் மனைவியின் அக்கா

ஜூன் 15

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

சீல் வைத்த லாரியின் தார்ப்பாயைச் சுற்றிலும் ஒரே கயிறு ஓடும். கயிற்றின் முடிச்சில் சுங்கத்துறை ஈயச் சீல் வைக்கும். சீலை உடைக்காமல் சரக்கைத் தொட ஒரே வழி, தார்ப்பாயைக் கிழித்து எடுத்துவிட்டு மறுபடி தைப்பது. அதனால் ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருக்கிறது. தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டால் மெஷினில்தான் போட வேண்டும், வெளிப்பக்க நூல் ஒரு நிறம், உள்பக்க நூல் வேறு நிறம். அப்போதுதான் யாராவது வெளியிலிருந்து கைவைத்தால் தெரியும். எங்களுக்கு இந்த விதி தெரியாது. யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி கேட்டில் அதிகாரியின் விரல் மீசைக்காரரின் ஒட்டில் பட்டுவிட்டது. பார்த்தால் ஒட்டே தெரியவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது. இவ்வளவு மறைத்துத் தைத்தால் சரக்கு கடத்தத்தான் தைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். பதினாறு லாரிகளை நிறுத்தினார்கள். கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். அவள் தினமும் காலையில் சுங்க அலுவலகத்துக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களில் நான்கு பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள்.

"இந்தத் தையல யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று அதிகாரி கேட்கிறார். "யாரும் இல்ல சார். நானேதான்" என்கிறாள். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைக் காட்டினால் போதும், நேர் லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, கடத்தல் எண்ணமே இல்லாமல் வந்த யோசனை என்று தெரிந்துவிடும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"எங்கக்கா வாழ்க்கையிலேயே ஒரு தையல் தப்பாப் போட்டதில்ல. இந்த வயசுல அவ பேரக் கொண்டுபோய் கஸ்டம்ஸ் ஃபைல்ல வைக்கணுமா? பேசாம இருங்க" என்கிறாள். சீல் வைக்க வருவதற்குள் உங்கள் துண்டைச் சுவரிலிருந்து எடுத்து, கடிதத்தோடு தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். எந்தத் தலையணை, எங்கே தைத்தாள் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் முப்பது விசாரணை. அன்று குற்றம் என்று எழுதிவிட்டால் கூடம் திரும்பத் திறக்காது. அவளைச் சிறையில் வைப்பார்களா என்பதும் தெரியவில்லை.

மன்னிக்கவும்.

மாப்பிள்ளை

ஜூன் 20

சுங்க அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

தாங்கள் விசாரிக்கும் தையல் கூடத்தின் உரிமையாளர் என் தங்கை. தாங்கள் தேடும் தையல் என்னுடையது.

தார்ப்பாய்க்கு ஒட்டு எப்படிப் போடுவது என்று பிப்ரவரி 6ஆம் தேதி அவள் எழுதிக் கேட்டாள். உள்ளும் புறமும் ஒரே நிற நூலால், கண்ணுக்குத் தெரியாமல் தைக்கும்படி 17ஆம் தேதி நான் பதில் எழுதினேன். அவள் கடிதத்தை இணைத்திருக்கிறேன். என் பதில் அவள் வீட்டில் ஒரு தலையணைக்குள் இருக்கிறது. தலையணைகளைப் பிரித்துப் பார்க்கவும்.

நான் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கின் பொறுப்பாளராக இருந்தவள். தைத்தது தெரியாமல் தைப்பது எனக்குப் பெருமை. அந்தப் பெருமை எல்லையில் குற்றமாகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரிக்காமல் அதிகாரமாகச் சொன்னது என் தவறு. சொன்னதை நம்பிச் செய்தது மட்டுமே அவள் தவறு.

மறைத்துத் தைக்கிறவர்கள் எல்லாம் எதையோ ஒளிக்கிறவர்கள் அல்லர் என்பதற்குச் சான்றாக, என் கட்டிலின் விரிப்பு ஒன்றை அனுப்புகிறேன். அதில் ஏழு ஒட்டுகள் உள்ளன. கண்டுபிடித்துக்கொள்ளவும். அதற்குள் ஒளிக்க ஒன்றும் இல்லை. அது வெறும் விரிப்பு.

தங்கள் விதிப்படி, வெளியே கறுப்பு, உள்ளே மஞ்சள் நூல் கொண்டு மெஷினில் தைத்த தார்ப்பாய்த் துண்டு ஒன்றும் இத்துடன் உள்ளது. அங்குலத்துக்கு எட்டுத் தையல். தேவையானால் விசாரணைக்கு நேரில் வருகிறேன். கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
துணிக்கிடங்கின் முன்னாள் பொறுப்பாளர்

ஜூலை 3

என் அருமை அக்காவுக்கு,

திறந்துவிட்டார்கள்! சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

விசாரணைக்கு நான் போனபோது அந்த அறையில் நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உன் விரிப்பை விரித்திருந்தார்கள். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்திருந்தார். குமாஸ்தா ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

"ஆறு கிடைச்சிருச்சு சார்."

"ஏழுன்னு எழுதியிருக்காங்க. தேடுய்யா."

என்னைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்தார். "உக்காருங்கம்மா. பதினாறு லாரியிலயும் சரக்கு சரியா இருக்கு, ஒண்ணும் குறையல. குறையாத சரக்குக்கு எதுக்கு இப்படி மறைச்சுத் தைக்கணும், அதுக்குத்தான் எனக்குப் பதிலே கிடைக்காம இருந்துச்சு. உங்கக்கா பதில் எழுதிட்டாங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "வீட்லயும் இப்படித்தான் அதட்டுவாங்களா?"

"கடிதத்துல கொஞ்சம் பரவாயில்ல சார்" என்றேன்.

சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது அக்கா. எண்பது நாள் அழவில்லை. அவர் முன்னால்தான் அழுதேன். பாவம், மனிதர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கூச்சத்தில் மறுபடியும் ஏழாவது ஒட்டைத் தேடப் போய்விட்டார்.

கூடத்தின் சீலை அவரே வந்து வெட்டினார். நீ தைத்து அனுப்பிய கறுப்பு மஞ்சள் துண்டைக் கேட்டில் மாட்டியிருக்கிறார்கள். "தார்ப்பாய் ஒட்டு இப்படி இருக்க வேண்டும்" என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். கிழிசலோடு வருகிற லாரிகளை இப்போது கேட்டிலிருந்தே எங்களிடம் அனுப்புகிறார்கள். பழைய பதினாறையும் விதிப்படி மாற்றித் தைத்துக்கொடுத்துவிட்டோம். மீசை அண்ணன் தன் ஒட்டைப் பார்த்து, "அழகா இருந்தத இப்படிக் கெடுத்துட்டீங்களேம்மா" என்று வருத்தப்பட்டார். போன நான்கு பெண்களில் மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். மைதானத்தில் முந்நூறு பேருக்கு வேலை இனி வராது, அது நிஜம். புதிதாகச் சேர்த்தவர்களோடு முப்பது பேருக்கு இங்கே இருக்கிறது. மாப்பிள்ளை நேற்று இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் அதிகாரிக்குப் பயப்படவில்லை. உன் தையல் தப்பு என்று உனக்கு எழுத என் கை வரவில்லை. அவ்வளவுதான். மே மாதத்துக் கடிதத்துக்கு எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம்தான் இருந்தது.

இப்போது என் தையலில் உள்ளே மஞ்சள் கோடு பளிச்சென்று ஓடுகிறது. மதர் பார்த்தால் கோழி கிளறின மண் என்றுதான் சொல்வார். இங்கே அதுதான் சட்டம்.

ஏழாவது ஒட்டு எங்கே அக்கா? அதிகாரி தினமும் கேட்கிறார்.

வாலு

ஜூலை 14

என் வாலு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எதிர்வீட்டில் வாசித்துக் காட்டவில்லை. என் மே மாதக் கடிதத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கும், அதனால்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. வேண்டாம், வைத்திரு. நான் எழுதியதுதான். உன்னைப் பாதியில் விடுகிறவள் என்று எழுதினேன். அன்று காலையும் நீ நடந்து போய் எனக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பாய். பியானோவுக்குப் பின்னால் நீ ஒளித்த துணியை அன்றே நான் எடுத்துவிட்டேன், உனக்குத் தெரியாது. இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். தையல் கோணல்தான், அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஏழாவது ஒட்டு எங்கே என்று அதிகாரியிடம் சொல்லாதே. எனக்கே தெரியவில்லை.

முந்தாநாள் மூன்று மாடியும் இறங்கி, பேருந்து பிடித்து, காது மெஷின் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் இரண்டு வகை காட்டினாள். ஒன்று காதுக்குள்ளேயே போய்விடுமாம், தோலின் நிறமாம், யாருக்கும் தெரியாதாம். "பாட்டி, இதுதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். இன்னொன்று காதுக்குப் பின்னால் உட்கார்வது, கறுப்பு, தூரத்திலிருந்தே தெரியும். அதை வாங்கிக்கொண்டேன். பாட்டி என்றதையும் மன்னித்துவிட்டேன்.

போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேனா காகிதத்தில் உரசுவது கேட்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கிறது, எத்தனை வருஷமாகச் சொட்டுகிறதோ.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய். கத்தாதே, உங்கள் தெரு தாங்காது. ஏப்ரல் பதினொன்றாம் தேதியிலிருந்து ஆரம்பி. பூனையை விட்டுவிடு, மற்றதை ஒன்றுவிடாமல் சொல். நான் கேட்கிறேன்.

அக்கா